தடமில்லாக் குடித்தனம்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் நாளில் நாயை எங்கே விட்டுவிட்டுப் போவது என்பதை எல்லோரும் ஓர் ஏற்பாட்டுச் சிக்கலாக மட்டுமே பேசுகிறார்கள். அக்கா வீட்டில் விடலாம், நண்பரின் மொட்டைமாடியில் கட்டிப்போடலாம், எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். புரோக்கர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்: "மொதல்ல நீங்களும் மேடமும் மட்டும் வாங்க சார். ஓனருக்கு உங்களப் புடிச்சுப்போச்சுன்னா நாய் விஷயத்த அப்புறமா சொல்லிக்கலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சென்னையில் வீடு படிய வேண்டுமென்றால் அதுவே நடைமுறை. ஆனாலும் அந்த அறிவுரை எனக்குள் கரையாமல் தங்கிவிட்டது. காலி வீட்டுக்குள் நுழைகிறோம், சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறோம், மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கிறோம், படுக்கையறை ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா என்று எட்டிப் பார்க்கிறோம், சாமி அலமாரிக்கு இடம் தேடுகிறோம். அந்த வீட்டில் நம் எல்லோரையும்விட அதிக நேரம் இருக்கப்போகிற உயிரைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கி வருகிறோம். நாம் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அந்தத் தரையில் கிடக்கப்போவது அதுதான். திரும்பி வந்ததும் அது நம் செருப்பையும் பேன்ட் ஓரத்தையும் நெடுநேரம் முகர்ந்து பார்க்கிறது. புது டிஸ்டம்பரின் நெடி, பூட்டிக் கிடந்த குளியலறையின் வாடை, ஓனர் வீட்டு ஊதுபத்தி எல்லாம் அதற்குத் தெரிந்துவிடுகிறது. யாரைச் சொல்லாமல் மறைத்துவிட்டு நாம் அந்த வீட்டைப் பேசி முடித்தோமோ, அந்த உயிர்தான் அந்த வீட்டை எல்லோருக்கும் முன்பாக இத்தனை கவனமாகப் படிக்கிறது.

எத்தனை பேர், என்ன வேலை, வெஜ்ஜா நான்வெஜ்ஜா, சொந்த ஊர் எது என்ற வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி அது: "பெட் ஏதும் இருக்கா?" அதற்கு முன்வரும் கேள்விகளை இந்த நகரத்தில் வீடு தேடிய யாரும் மறக்கமாட்டார்கள். ஊரைக் கேட்பதும், அப்பா பெயரையும் சேர்த்துக் கேட்பதும், "கோயிலுக்கெல்லாம் போவீங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதும் எதைத் தெரிந்துகொள்வதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நாய் இருக்கிறது என்று சொன்னவுடன் அடுத்ததாக "என்ன பிரீட்?" என்பது வரும். லாப்ரடார் என்றால் முகம் சற்று இளகும். பொமரேனியன் என்றால் "சின்னதுதானே" என்பார்கள். நாட்டு நாய் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் இருப்பவள் நாட்டு நாய். செம்மண் நிறம் என்பதால் செவலை என்று பெயர். கருத்தடை அறுவை செய்து தெருவில் மீண்டும் விடப்பட்டவள் என்பதற்கு அடையாளமாக அவள் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டை ஒருவர் பார்த்துவிட்டால் பிறகு நாம் எதைச் சொன்னாலும் எடுபடாது. அவள் வந்த இடம் காதில் எழுதப்பட்டிருக்கிறது. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் மண்ணின் நாய் இனங்களைப் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமை பெயர் பெற்ற இனங்களோடு நின்றுவிடுகிறது. எந்த ஊர்ப்பெயரும் ஒட்டாமல், எந்தக் குப்பைத்தொட்டி ஓரத்தில் பிறந்தது என்றே தெரியாமல், நம்மோடு வந்து சேர்ந்துவிட்ட நாய்க்குச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. அதன் குணத்தை யாரும் கேட்பதில்லை, பிறப்பைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே நான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் "வீடு நேத்தே போயிடுச்சுங்க" என்று திருப்பி அனுப்பப்படும் இஸ்லாமியக் குடும்பத்தின் அவமானத்தையும், ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டுக் கதவடைக்கப்படும் தலித் குடும்பத்தின் அவமானத்தையும் ஒரு நாயின் கதையோடு சேர்த்துச் சொல்வது சரியா? அவர்கள் இழப்பது மனிதர்களுக்குரிய மதிப்பை. நாய் வைத்திருப்பவன் அதிகம்போனால் இன்னும் சில வாரம் அலைய வேண்டும். வேறு பேட்டையில் கூடுதல் வாடகைக்கு அவனுக்கு வீடு கிடைத்துவிடும். இரண்டையும் நான் சமமாக வைக்கமாட்டேன். ஆனால் இரண்டு கேள்விகளும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாசற்படியில், ஒரே மூச்சில் வருவதைக் காணாததுபோல் இருக்கவும் என்னால் முடியவில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஓர் இடத்தை மட்டும் விடுவதில்லை. அந்த இடத்தில் எப்படிப்பட்ட வாழ்க்கை நடக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தையும் தன் கையில் வைத்துக்கொள்கிறார். கருவாட்டு வாசனை கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் கூடாது, தனியாக இருக்கும் பெண் கூடாது, நாய் கூடாது. இவற்றில் எது நியாயம், எது அநியாயம் என்று தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது உண்மை. ஆனால் தனித்தனியே எடைபோடாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சொல்லும் பழக்கம் நமக்கு எப்படி இத்தனை இயல்பாகிப்போனது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வாடகை வீட்டில் நல்ல நாய் என்று பெயரெடுப்பது குரைக்காத நாய். லிஃப்டில் ஓரமாக ஒடுங்கி நிற்பது, படியில் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வது, இருப்பதே தெரியாமல் இருப்பது. "உங்க வீட்ல நாய் இருக்குன்னே தெரியலையே" என்று பக்கத்துவீட்டார் சொல்வதை வளர்ப்பவர்கள் பெரிய பாராட்டாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பாராட்டுக்காக அழைப்பு மணியைத் துணி சுற்றி அமுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல குடித்தனக்காரரிடம் கேட்கப்படுவதும் இதுவேதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சமையலறையில் தாளிப்புப் புகை படியக் கூடாது. விருந்தாளிகள் அதிகம் தங்கக் கூடாது. மேல்மாடியில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கீழே கேட்கக் கூடாது. காலி செய்யும் நாளில், சுவர் எத்தனை சுத்தமாக இருந்தாலும், பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகை அட்வான்ஸில் பிடித்தம் ஆகிவிடும். அந்த ஒரு மாத வாடகையால் அழிக்கப்படுவது நாம் அங்கே வாழ்ந்த அடையாளம். அடுத்து வருகிறவர் தனக்கு முன்பு இங்கே யாருமே இருந்ததில்லை என்று நம்பும்படியாக வீடு வெள்ளையடிக்கப்படுகிறது. நாயால் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. தினமும் ஒரே மூலையில் முதுகைச் சாய்த்துப் படுக்கும் நாயின் உடல், சுவரில் முழங்காலுக்கும் கீழான உயரத்தில் பழுப்பான ஒரு படிவை உண்டாக்குகிறது. எத்தனை துடைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. வாசற்கதவின் கீழ்ப்பகுதியில் நகக்கீறல்கள். ஃபேன் இறக்கையின் விளிம்பில் தூசியோடு ஒட்டிய செம்பட்டை முடி. மழைக்காலத்தில் வீடெங்கும் ஈரத்தோலின் வாடை. இவையெல்லாம் சேதம் என்ற கணக்கில் வருகின்றன. ஓனர் குடியிருக்கும் மாடி வீட்டின் நிலையிலோ, பிள்ளைகளின் வளர்த்தியை வருடவாரியாகப் பென்சிலால் குறித்துவைத்த கோடுகளைப் பார்த்திருக்கிறேன். வண்ணம் அடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வாராம். சொந்த வீட்டில் தடம் என்பது நினைவு. வாடகை வீட்டில் அதுவே பழுது. நாயோடு வீடு தேடுகிறவரிடம் வெளிப்படையாகக் கேட்கப்படுவதும் மற்றவர்களிடம் சொல்லாமல் எதிர்பார்க்கப்படுவதும் ஒன்றே: காசு கொடுங்கள், இருங்கள், ஆனால் வாழ்ந்தது தெரியாமல் இருங்கள்.

வீட்டுக்காரரின் பக்கம் நின்று பார்க்காமல் இதைச் சொல்லிக்கொண்டே போவது நேர்மையாக இருக்காது. பெரும்பாலான ஹவுஸ் ஓனர்கள் பணக்காரர்கள் அல்லர். பி.எஃப். பணத்தையும் வங்கிக்கடனையும் போட்டு, மேல்மாடி வாடகையை நம்பி ஓய்வுக்காலத்தைக் கழிக்கிறவர்கள். நாயின் மூத்திரம் மார்பிள் தரையில் கறையாகவும் மரநிலையில் ஊறிப்போன நாற்றமாகவும் தங்கிவிடும் என்பது உண்மை. அடுத்து வீடு பார்க்க வருகிறவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டால் ஒரு மாத வருமானம் போகும். இதையெல்லாம் தாண்டி அச்சம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நாய்னா எனக்கு ஒடம்பு நடுங்கும். சின்ன வயசுல தொப்புளச் சுத்தி ஊசி போட்டாங்க." அவருடைய தலைமுறைக்கு நாய்க்கடி என்றால் அந்த ஊசிதான். குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் நெடுங்காலம் தென்னிந்தியாவுக்கு வெறிநோய்த் தடுப்பூசி தந்துவந்தது. ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து அது. நாள்தோறும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று உயிரணு வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசியைக் கையில் சில தவணைகளில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏழெட்டு வயதில் நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, மேசைமேல் மல்லாத்திப் படுக்கவைக்கப்பட்ட ஒருவருக்கு மருத்துவம் மாறியதைச் சொல்லி அந்த வலியை இறக்கிவைக்க முடியாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது என்பதும் இன்றுவரை மாறவில்லை. அவர் வேண்டாமென்று சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய மறுப்பில் ஒரு காரணம் இருந்தது. அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சங்கடம் தருவது காரணமே இல்லாமல், நாயைப் பார்க்காமலேயே, டூ லெட் போர்டின் கீழே எழுதிவைக்கப்பட்டுவிடும் மறுப்பு.

முன்பு நம் வீடுகளில் நாய்க்கு ஓர் இடைப்பட்ட இடம் இருந்தது. திண்ணையின் கீழே, முற்றத்து ஓரத்தில், கொல்லைப்புறத்துக் கிணற்றடியில், வைக்கோல் போரின் நிழலில். அது வீட்டு நாய், ஆனால் வீட்டுக்குள் வராது. பழைய சோறும் மீன்முள்ளும் கிடைக்கும், பெயர் இருக்கும், இரவில் யார் வந்தாலும் குரல் கொடுக்கும். அந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. அதே திண்ணையில் எந்த மனிதர் ஏறலாம், எவர் கீழேயே நிற்க வேண்டும் என்ற கோடும் இருந்தது. நாய்க்குக் கிடைத்த அருகாமை கிடைக்காத மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் உள்ளுமல்லாத வெளியுமல்லாத அந்த இடம் விலங்குகளோடு சேர்ந்து வாழ்வதை எளிதாக்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பு அந்த இடத்தை எடுத்துவிட்டது. கதவைச் சாத்தினால் உள்ளே, திறந்தால் பொதுவழி. கீழ்த்தளம் கார்களுக்கு, மொட்டைமாடி அசோசியேஷனுக்கு. ஆகவே நாய் முழுக்க உள்ளே வரவேண்டும், அல்லது முழுக்கத் தெருவில் இருக்கவேண்டும். உள்ளே வந்த நாய் கட்டிலின் காலடியில் படுக்கிறது, தீபாவளிச் சரவெடிக்குப் பயந்து பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நுழைந்துகொள்கிறது, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நடக்கப் போகாமல் பக்கத்திலேயே கிடக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள் காளையை எங்கள் வீட்டுப் பிள்ளை என்றார்கள். நகரம் அதைக் கேட்டு நெகிழ்ந்தது. தொழுவமுள்ள வீட்டின் உண்மை அது. தொழுவமில்லாத வீட்டில், இரண்டு படுக்கையறைக்குள் அதே உறவு வந்து நிற்கும்போது, நகரம் மெயின்டனன்ஸ் கூட்டத்தில் தீர்மானம் போடுகிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் போனால் ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. 1960-ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று விலங்குகளுக்கெதிரான கொடுமைத் தடுப்புச் சட்டம். மத்திய அரசு இயற்றியது. மற்றொன்று இந்த மாநிலத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். முன்னதில் விலங்குக்கு வலி உண்டு, பசி உண்டு, முகவரி கிடையாது. பின்னதில் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருவது குடியிருப்பவரை வெளியேற்றப் போதுமான காரணங்களில் ஒன்று. விலங்கு அதற்குள் வரவேண்டுமென்றால் தொல்லையாகத்தான் வரமுடியும். அந்த வாடகைச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று அது சொன்னாலும் பத்து மாதம் கேட்கும் வழக்கம் நகரத்தில் மறையவில்லை; நாய் என்றால் அதற்கும் மேலே பேச்சு போகிறது. விலங்குநல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் ஏற்ற மறுக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ(ஜி) பிரிவும் சொல்கிறது. ஆனால் அந்த வழிகாட்டுதல் சங்கங்களிடம் பேசுகிறது. யாருக்கு வீட்டைக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் தனி ஓனரின் கையை அது பிடிப்பதில்லை. சொந்த ஃபிளாட்டில் இருப்பவர் அந்தத் தாளை அசோசியேஷன் கூட்டத்தில் எடுத்துக் காட்டலாம். வாடகைக்கு இருப்பவர் காட்டினால் அடுத்த மாதம் அக்ரிமென்ட் புதுப்பிக்கப்படாது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்கிறது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்தது. 50 ரூபாய் கட்டணத்தில், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றோடு, வீட்டு முகவரியைக் கொடுத்து அந்த உரிமத்தை வாங்கலாம். மாநகராட்சியின் ஏட்டில் செவலைக்கு முகவரி உண்டு. அதே முகவரிக்கான வாடகை ஒப்பந்தங்கள் எத்தனையோ வீடுகளில் நாய் இல்லாததுபோலவே எழுதப்படுகின்றன. இன்னொரு 50 ரூபாயையும் சொல்ல வேண்டும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது அந்த 1960-ஆம் வருடத்துக் கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அதில் எழுதப்பட்ட அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. நாயை வைத்துக்கொள்ள எத்தனையோ மாத வாடகை முன்பணம். விட்டுவிட்டுப் போக அதிகபட்சம் ஐம்பது ரூபாய். வீடு மாறும் காலங்களில் கழுத்துப்பட்டையோடு தெருவில் அலையும் நாய்களை நான் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

நாயோடு ஒரு வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்று சொன்னவரின் கதை நமக்கெல்லாம் தெரியும். மகாபாரதத்தின் முடிவில் தருமர் சொர்க்கத்தின் தேரில் ஏற மறுக்கிறார்; தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டுத் தனக்கு அந்த இடம் வேண்டாம் என்கிறார். சிறுவயதில் தெருக்கூத்து மேடையில் அந்தக் கட்டம் வரும்போது சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்றும் ஞாபகம். ஆனால் வளர்ந்த பிறகு அந்தக் கதையின் அடுத்த அடி என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்த நாய் நாய் இல்லை, தருமதேவதை. சோதனை முடிந்ததும் அது தன் உருவத்தைக் காட்டிவிடுகிறது. ஆகவே சொர்க்கம் கடைசிவரை ஒரு நாயை உள்ளே விட வேண்டிய நிலைக்கு ஆளாகவே இல்லை. தருமருடைய உறுதி உண்மையானது. வாசல் மட்டும் மாறவில்லை. அதற்குப் பக்கத்தில் நான் வைத்துப் பார்ப்பது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் அது. அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். கோவிவன் எந்தத் தேவதையாகவும் மாறவில்லை. அது நாயாகவே இருந்து, நாய் செய்யக்கூடியதைச் செய்து, நாயாகவே பெயர் பெற்றது. அந்தக் கல்லை நட்டவர்களுக்கு வீரனின் கதையில் நாயை விட்டுவிட்டுச் சொல்வது முழுமையாகத் தோன்றியிருக்காது. இன்று வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பது தருமருடைய கதையின் இரண்டாம் பாதியை. உங்கள் நாய் குரைக்காது, முடி கொட்டாது, வாடை வீசாது, கடிக்கவே கடிக்காது என்று நிரூபியுங்கள். அதாவது அது நாய் இல்லை என்று நிரூபியுங்கள், பிறகு உள்ளே வாருங்கள். கோவிவனைப்போல நாயாக வரும் நாய்க்கு வாசல் திறப்பதுதான் கடினமாக இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை. செவலை பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாலை வேளைகளில் அது வலுக்கிறது. கீழே அவளைப் போன்ற நாய்கள் குப்பை வண்டிக்குப் பின்னால் ஓடுகின்றன, மணலில் புரளுகின்றன, தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டு சண்டையிடுகின்றன. இவளுக்கு வழுக்கும் டைல்ஸ் தரை. வேகமாகத் திரும்பினால் பின்னங்கால் சறுக்குகிறது. காலையும் மாலையும் கயிற்றின் நீளத்துக்கு ஓர் உலகம். இதற்கு அவள் சம்மதம் கேட்கப்பட்டதா? வாடகை ஒப்பந்தம் எனக்கும் ஓனருக்கும் இடையில் இருக்கிறது. அவளுக்கும் எனக்கும் இடையே எந்தத் தாளும் இல்லை. வீடு மாறும்போது நமக்கு முகவரி மாறுகிறது, கேஸ் இணைப்பு மாறுகிறது. அவளுக்கு மாறுவது முழு உலகம். எந்தப் படியில் எந்தப் பூனை உட்காரும், எந்த வீட்டுக் கதவு இடுக்கிலிருந்து கறி வாசனை வரும், எந்தத் தூணில் யாருடைய செய்தி இருக்கும் என்று நாள்நாளாகச் சேர்த்த அறிவை ஒரே பகலில் விட்டுவிட்டு வருகிறாள். புதுவீட்டில் முதல் சில இரவுகள் தூங்காமல் அறை அறையாகச் சுற்றி வருவாள். நகங்கள் தரையில் தட்டும் ஓசை விடியும்வரை கேட்கும். பிறகு ஏதோ ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு மூன்று சுற்று சுற்றிப் படுத்துவிடுகிறாள். அந்த மூலை யாருடைய பெயரில் பத்திரப்பதிவாகியிருக்கிறது என்பது அவளுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. சொந்தம், வாடகை என்ற வேறுபாடு தீண்டாத ஒரு குடியிருப்பு அவளுடையது. அவளைத் தெருவிலிருந்து எடுத்தது அவளுக்கு நன்மையா என்ற கேள்விக்கு என்னிடம் முடிந்த முடிவாகப் பதில் இல்லை. வண்டிச் சக்கரங்களும் கல்லெறிகளும் நிறைந்த தெருவும் அவளுக்கு அடைக்கலமாக இருந்ததில்லை என்பது தெரியும். எடுத்துவிட்ட பிறகு, ஓர் ஒப்பந்தத்தின் வசதிக்காகத் திரும்ப விடுவது நிச்சயமாகத் தீங்கு என்பதும் தெரியும். சந்தேகத்தோடு வாழலாம், அந்தத் தீங்கைச் செய்துவிட்டு வாழ முடியாது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பிரான்சில் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்துக்குச் சேதமும் அண்டைவீட்டாருக்குத் தொல்லையும் தராதவரை, வளர்ப்பு விலங்குக்குத் தடைபோடும் வாடகை நிபந்தனை செல்லாது. ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட சில நாய்களுக்கு மட்டும் விலக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அத்தகைய நிபந்தனை வெற்று எழுத்து. சிங்கப்பூரில், தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் வாழும் வீட்டுவசதிக் கழகக் குடியிருப்புகளில், பூனைக்கு நெடுங்காலம் தடை இருந்தது. வலையடித்த ஜன்னல்களுக்குப் பின்னால் பூனைகள் ஒளிந்து வாழ்ந்தன. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானது. தடை இருந்தபோதும் அங்கே பூனைகள் இருந்தன, அனுமதி வந்தபோதும் இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: இப்போது அவற்றுக்குத் தடுப்பூசி உண்டா, வலை போட்டிருக்கிறதா, யார் பொறுப்பு என்று வெளிப்படையாகக் கேட்க முடிகிறது. ஒளித்து வளர்க்கப்படும் விலங்குக்கு யாரும் பொறுப்பு கேட்க முடியாது. வீட்டுக்காரருக்கும் அது நல்லதல்ல. நம்மூரில் அப்படியொரு சட்டம் வரும்வரை இது மனிதர்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய காரியம். நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது: மறைக்காதீர்கள். தடுப்பூசி அட்டையையும் உரிமத்தையும் முன்கூட்டியே காட்டுங்கள். கதவு, தரை, நிலை எதற்குச் சேதம் வந்தாலும் சரிசெய்து தருவதாக எழுதிக்கொடுங்கள். பொதுவழியில் நாய் அசுத்தம் செய்தால் நீங்களே அள்ளுங்கள். நாயைக் கண்டு அஞ்சுகிறவர் லிஃப்டில் நின்றால் அடுத்த முறை ஏறிக்கொள்ளுங்கள். அவருடைய அச்சத்துக்கும் அந்தக் கட்டடத்தில் இடம் உண்டு. வீடு கிடைக்கவில்லை என்பதை நாயைக் கைவிடுவதற்கான காரணமாக ஒருபோதும் ஏற்காதீர்கள்; உடன் இருப்பவர் யாரும் ஏற்கும்படி விடாதீர்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இது: வேண்டாம் என்று சொல்லும் உரிமை இன்று உங்களிடம் இருக்கிறது. போர்டில் எழுதுவதற்கு முன் அந்த நாயை ஒருமுறை நேரில் பாருங்கள். எந்த இனம் என்று கேட்பதற்கு முன் எப்படிப் பழகும் என்று கேளுங்கள். வாடகைக்கு வருகிறவர்கள் உங்கள் வீட்டில் வாழத்தான் வருகிறார்கள். வாழ்ந்தால் தடம் விழும். அதற்குரிய செலவைக் கணக்குப்போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாழ்வதைத் தடுக்காதீர்கள்.